மரைன் டிரைவ் பக்கம் வெயிலில் நின்ற கறுப்பு அக்ஸியோ: கட் அண்ட் பொலிஷ் போதுமா, பெயின்ட்டே அடிக்க வேணுமா?

வெள்ளவத்தை141:

வாகனம் 2010 டொயோட்டா அக்ஸியோ (141 மொடல்), கறுப்பு, ப்ளேட்டில் கலர் கோட் 209. நாலு வருஷமாகக் கொழும்பு மரைன் டிரைவ் பக்கத்து ஃப்ளாட்டில் திறந்த பார்க்கிங். கவர் போட்டுத்தான் நிற்கும், ஓட்டம் குறைவு.

இப்போதைய நிலைமை: பொனட்டும் ரூஃபும் மங்கிச் சாம்பல் அடித்துப்போயிருக்கு. பொனட்டில் காக்கை எச்சம் தின்ற தழும்பு ஏழெட்டு. டிக்கி மூடியில் வெள்ளை வட்டக் கறைகள், ஷாம்பூ போட்டுக் கழுவினாலும் அசையுதில்லை. கதவுகளின் கீழ்ப்பாதியைத் தடவினால் சொரசொரப்பு, கிட்டப் பார்த்தால் செம்மஞ்சள் புள்ளிகள். வெயிலில் எல்லாப் பக்கமும் சிலந்திவலைக் கீறல். ரூஃபின் முன் விளிம்பில், கண்ணாடிக்கு மேலே, உள்ளங்கை அளவு ஒரு வெள்ளைத் திட்டு.

சர்விஸ் ஸ்டேஷனில் இரண்டு மணித்தியாலத்தில் கட் அண்ட் பொலிஷ் முடித்துத் தரலாமாம். டீடெய்லிங் செய்யும் இடத்தில் மூன்று நாள் கேட்கிறார்கள், கடைசியில் செரமிக் கோட்டிங்கும் (பெயின்ட்டுக்கு மேல் பூசும் கடினமான பாதுகாப்புப் படலம்) போட வேணுமாம். விலை பல மடங்கு வித்தியாசம். மூன்று நாள் என்னதான் செய்வார்கள்? எது உண்மையில் தேவை, எது இல்லை?

கிளியர்கோட்:

முதலில் அந்த வெள்ளைத் திட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். மற்றதெல்லாம் ஒரு கேள்வி, அது வேறு கேள்வி.

209 என்பது மைக்கா துகள் கலந்த கறுப்பு. அந்த நிறத்துக்கு மேலே கிளியர், அதாவது நிறமற்ற மேல்பூச்சு, கட்டாயம் இருக்கும். திட்டை ஈரத் துணியால் நனைத்துப் பாருங்கள். நனைந்தவுடன் கறுப்பு முழுதாகத் திரும்பி, எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்றே தெரியாவிட்டால் மேற்பரப்பு மட்டும்தான் கெட்டிருக்கு, மெஷின் போட்டால் மீளும். நனைந்த பிறகும் ஓரம் தெரிந்தால், அந்த ஓரம் நகத்தில் ஒரு படி போலத் தட்டுப்பட்டால், கிளியர் உரிந்துவிட்டது. உரிந்ததை எந்தத் தேய்ப்புக் கொம்பவுண்டும் திருப்பித் தராது. மெஷின் பட்டால் ஓரம் இன்னும் பெயர்ந்து திட்டுத்தான் பெரிதாகும்.

அடுத்தது பெயின்ட்டின் தடிப்பு. தடிப்பு அளக்கும் மீட்டர் இல்லாமல் 15 வருஷக் காரில் மெஷின் வைக்கும் எவரிடமும் வாகனத்தைக் கொடுக்க வேண்டாம். பொலிஷ் செய்வதென்றால் கிளியரைச் சீவுவது. கீறலை எதுவும் நிரப்புவதில்லை, கீறலின் அடி வரைக்கும் சுற்றியுள்ள பரப்பை இறக்குகிறோம், அவ்வளவுதான். கம்பெனி அடித்த டொயோட்டாவில் இரும்பிலிருந்து மேல் வரை மொத்தம் 90 முதல் 130 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று) பொதுவாக வரும். அதில் கிளியர் 35 முதல் 50. ஒரு கனமான கட், அதாவது கரடான கொம்பவுண்டால் சீவுவது, 2 முதல் 5 மைக்ரோன் வரை எடுக்கும், ஃபினிஷிங் பொலிஷ் ஒன்றோ அதற்கும் குறைவோ. வாகனத்தின் முழு ஆயுளுக்கும் சேர்த்து 7, 8 மைக்ரோனுக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது தொழிலில் உள்ள கணக்கு. வெயிலைத் தாங்கும் பொருள் கிளியரில்தான் இருக்கு. மெலிந்தால் இன்றைக்குப் பளபளக்கும், இரண்டு வருஷத்தில் உரியும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் கார்களுக்குத் திறந்தது. இந்த இடைவெளியில் இங்கே ஓடிய 141, 260, விட்ஸ் மாதிரி டொயோட்டாக்கள் எல்லாம் கைமாறும் ஒவ்வொரு முறையும் விற்பனைக்கு முன் ஒரு கட் அண்ட் பொலிஷ் வாங்கியிருக்கும். உங்களுடையது எத்தனை வாங்கியது என்பது மீட்டருக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு பாகத்திலும் ஐந்து இடம் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். 200ஐத் தாண்டினால் அந்தப் பாகம் மறுபடி பெயின்ட் பட்டது. 500, 800 என்று துள்ளினால் உள்ளே பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) இருக்கு. 80க்குக் கீழே கட் கொம்பவுண்ட் வேண்டாம். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரண மீட்டரில் எண் வராது, அங்கே ஊகம்தான். மீட்டர் மொத்தத்தைக் காட்டுமே தவிர கிளியரைத் தனியாகப் பிரித்துக் காட்டாது என்பதும் நினைவில் இருக்கட்டும். கதவைத் திறந்து பில்லரின் உட்பக்கத்தோடு ஒப்பிடலாம் என்பார்கள். அங்கே கம்பெனியே மெலிதாக அடித்திருக்கும், அதை அளவுகோலாக எடுக்காதீர்கள்.

தெஹிவளை டிஏ:

மூண்டு நாள் என்ன செய்யிறாங்கள் எண்டு கேட்டிருக்கிறியள். ஒழுங்கான இடமெண்டால் முதல் நாள் மெஷினைத் தொடவே மாட்டாங்கள். அந்தச் சொரசொரப்பும் செம்மஞ்சள் புள்ளியும்தான் காரணம்.

மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில ரயில் பாதை. பிரேக்கிலயும் தண்டவாளத்திலயும் தேயிற இரும்புத்தூள் காத்தில வந்து பெயின்டில குத்தி நிண்டு, உப்புக்காத்தில துருப்பிடிக்கும். அதுதான் அந்தப் புள்ளி. இது கிடக்கேக்க மெஷினை வைச்சால் தூள் பேடில ஒட்டி, எடுக்கிற கீறலை விடப் போடிற கீறல் கூடிப்போகும். இரண்டு மணித்தியால வேலையில நடக்கிறதும் இதுதான்.

ஒழுங்கு இப்பிடி. முதல் வெறும் தண்ணியால ஆறுதலா அடியுங்கோ. கதவுக்குக் கீழ இருக்கிற வடிகால் ஓட்டை, டிக்கி ரப்பருக்குள்ள, மட்காட் உட்பக்கம் எல்லாத்துக்குள்ளயும் உப்பு கிடக்கும். பிறகு ஷாம்பூ, இரண்டு வாளி: ஒண்டில ஷாம்பூ, மற்றதில கையுறை அலசிற தண்ணி. மேலயிருந்து கீழ வாங்கோ. தார் புள்ளிக்கு தார் ரிமூவரைத் துணியில எடுத்து ஒத்துங்கோ, தேய்க்காதேங்கோ.

அடுத்தது அயர்ன் ரிமூவர், இரும்புத்தூளைக் கரைக்கிற திரவம். அயர்ன் எக்ஸ் மாதிரி எதெண்டாலும் சரி. செடான் ஒண்டுக்கு 300 முதல் 500 மில்லிலீற்றர் போகும். நிழலில, வாகனத்தின்ர பொடி குளிர்ந்திருக்கேக்க அடிச்சு 3 தொடக்கம் 5 நிமிஷம் விடுங்கோ. இரும்பு இருக்கிற இடமெல்லாம் ஊதாவா மாறிக் கீழ வழியும். அழுகின முட்டை மணம் வரும், அது அப்பிடித்தான். காய விடாதேங்கோ. உங்கட வாகனத்துக்கு ஒரு தரம் காணாது. கதவின் கீழ்ப்பாதியும் டிக்கியும் இரண்டாந்தரமும் ஊதா காட்டும்.

டிக்கியில கிடக்கிற வெள்ளை வட்டத்துக்கு வினாகிரி. வெள்ளை வினாகிரியும் தண்ணியும் பாதிக்குப் பாதி, துணியை நனைச்சு ஒரு நிமிஷம் மேல போட்டு எடுங்கோ, பிறகு ஷாம்பூத் தண்ணியால கழுவுங்கோ. குறோம் துண்டில பட விடாதேங்கோ. கொழும்பு பைப் தண்ணி மென்மையான தண்ணி, அதால இப்பிடிக் கறை வாறது குறைவு. ஒண்டு கடல் தூவானம், இல்லாட்டி மேல நீட்டிக்கொண்டிருக்கிற கொங்கிறீட்டில இருந்து சொட்டின சுண்ணாம்புத் தண்ணி. சொட்டு ஒரே வரிசையில கிடந்தால் கொங்கிறீட்தான், நிமிர்ந்து ஸ்லாப் வெடிப்பைப் பாருங்கோ. யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணியில கழுவின வாகனத்திலயும் இதே வட்டம்தான் கிடக்கும், அது சுண்ணாம்புக்கல் தண்ணி. வினாகிரிக்குப் பிறகும் வட்டத்தின்ர நிழல் தெரிஞ்சால் கிளியரையே அரிச்சிருக்கு, அதை மெஷினுக்கு விடுங்கோ.

கடைசியா கிளே, பெயின்டில ஒட்டி நிக்கிற தூளை இழுத்தெடுக்கிற களிமண் மாதிரிக் கட்டி. ஃபைன் கிளே போதும். கையைப் பொலித்தீன் பைக்குள்ள விட்டுப் பெயின்டைத் தடவிப் பாருங்கோ, வெறுங்கையில தெரியாத சொரசொரப்பும் அதில தெரியும். ஷாம்பூத் தண்ணி தாராளமா அடிச்சு, பாரம் குடுக்காமல் நேர்கோட்டில இழுங்கோ. கறுத்த பக்கத்தை உள்ளுக்கு மடிச்சு மடிச்சுப் பாவியுங்கோ. நிலத்தில விழுந்த கிளே குப்பைக்குத்தான், கழுவிப் பாவிக்கலாம் எண்டு நினையாதேங்கோ. கறுப்புக் காரில கிளே கட்டாயம் மெல்லிய கீறல் விடும். அதால பிறகு மெஷின் பிடிக்கிற எண்ணம் இல்லாட்டி கிளேயும் பிடிக்காதேங்கோ.

இன்னொண்டு, கவர். கடற்காத்தில கவர் படபடவெண்டு அடிக்கேக்க உள்ளுக்கு நிண்ட உப்பும் மண்ணும் பெயின்டைத் தேய்ச்சுக்கொண்டே இருக்கும். சிலந்திவலைக் கீறலில பாதி அது போட்டதுதான். மழை நனைஞ்ச கவர் ஈரத்தையும் பிடிச்சு வைக்கும்.

வெள்ளவத்தை141:

நன்றி. மீட்டர் உள்ள இடத்தில் அளந்தாச்சு. பொனட் 104–112. டிக்கி 101–106. இடது பக்கக் கதவுகள் 98–110. வலது முன் மட்காட் 210–235. வலது பின் கதவு 480 தொடக்கம் 900 வரை துள்ளுது. ரூஃப் 78–84. வெள்ளைத் திட்டின் ஓரம் நகத்தில் தட்டுப்படுது, நனைத்தாலும் தெரியுது.

கிளியர்கோட்:

அப்போ விடை வந்துவிட்டது. ரூஃபில் யாரோ ஏற்கெனவே நிறையச் சீவியிருக்கிறார்கள், திட்டு அங்கேயே வந்ததில் ஆச்சரியமில்லை. ரூஃபுக்கு மெஷின் வேண்டாம், பெயின்ட். பொனட், டிக்கி, இடது பக்கம் தாராளமாக இரண்டு ஸ்டேஜ், அதாவது கட்டும் ஃபினிஷும், தாங்கும். வலது மட்காட்டும் பின் கதவும் மறுபெயின்ட். எண் கூட என்பதால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். கூடிய எண்ணில் பெரும்பங்கு பட்டியும் ப்ரைமரும்தான், கிளியர் எவ்வளவு என்று தெரியாது. இரண்டாவது, அடித்தது ஹார்ட்னர் கலந்து இறுகும் 2கே கிளியரா, தின்னரில் கரையும் என்.சி. லக்கரா என்று பார்க்க வேணும். கதவின் உள் விளிம்பில் துணியில் கொஞ்சம் தின்னர் எடுத்துச் சில விநாடி ஒத்துங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் என்.சி. அதில் கட் கொம்பவுண்டும் சூடும் ஆகாது, கையால் ஃபினிஷிங் பொலிஷ் மட்டும்.

மெஷின் வேலைக்கு வருவோம். டிஏ மெஷின் (பேட் சுற்றிக்கொண்டே ஆடும் வகை), 5 அங்குல ப்ளேட், 15 மில்லிமீற்றர் த்ரோ, அதாவது ஆடும் அகலம், போதும். கட்டுக்கு மெகுவயர்ஸ் எம்105 அல்லது மென்செர்னா 400, ஃபினிஷுக்கு எம்205 அல்லது மென்செர்னா 3800. பெயர் இதுவாகத்தான் இருக்க வேணும் என்றில்லை.

பொனட்டில் 50க்கு 50 சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றை டேப் போட்டுப் பிரித்து, மென்மையானதிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஃபினிஷிங் பேடும் ஃபினிஷிங் பொலிஷும். போதாவிட்டால் பேடை மட்டும் மாற்றுங்கள். அதுவும் போதாவிட்டால்தான் கட் கொம்பவுண்ட். டொயோட்டா கிளியர் ஜெர்மன் கார்களைப் போலக் கடினமில்லை, பல நேரம் நடு வழியிலேயே வேலை முடிந்துவிடும். மூன்று நாளில் அரை நாள் இந்தச் சோதனைக்கே போகும், போக வேணும்.

பேடில் பட்டாணி அளவில் நாலு சொட்டு. மெஷின் வேகத்தை 1இல் வைத்துப் பரப்பி, 4 அல்லது 5க்கு ஏற்றி, முதலில் குறுக்காக, பிறகு நெடுக்காக, ஒவ்வொரு கோடும் முந்தியதில் பாதியை மூடும்படி. கை ஒரு விநாடிக்கு 2, 3 சென்ரிமீற்றர்தான் நகர வேணும். எல்லோரும் பிழை விடும் இடம் இது, துடைப்பது போல வேகமாக இழுப்பார்கள். நாலிலிருந்து ஆறு பாஸ். பேடின் பின் ப்ளேட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு விடுங்கள். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் வேலை நடக்குது. கோடு நின்ற இடத்திலேயே நடுங்கினால் அழுத்தம் கூடிவிட்டது, அல்லது பேட் சாய்ந்துவிட்டது, வெட்டு எதுவும் நடக்கவில்லை.

ஒவ்வொரு சதுரத்துக்கும் பிறகு பேடைப் பிரஷ்ஷால் தட்டுங்கள், ஒவ்வொரு பாகத்துக்கும் பேட் மாற்றுங்கள். கொழும்பு ஈரப்பதத்தில் பேட் உள்ளுக்குள் காயாது, சூடாகிக் கிழிந்துபோகும். செடான் ஒன்றுக்குக் கட் பேட் ஐந்து ஆறு, ஃபினிஷிங் மூன்று நாலு இல்லாமல் தொடங்க வேண்டாம். வெயிலில் நின்ற பொனட்டில் நேரடியாகத் தொடங்கவும் கூடாது. கை வைத்து எடுக்க முடியாத சூட்டில் கொம்பவுண்ட் உடனே காய்ந்து தூளாகும், அந்தத் தூளே கீறும். பொடி லைன் மடிப்புகள், கதவு விளிம்புகளில் கிளியர் எப்போதும் மெலிது, டேப் ஒட்டிவிட்டுக் கடைசியில் கையால் முடியுங்கள்.

காக்கை எச்சத் தழும்பு: கட்டுக்குப் பிறகும் நகம் சிக்கினால் விட்டுவிடுங்கள். பாதிக்கு மேல் மங்கினாலே நின்று பார்ப்பவர் கண்ணில் படாது. ஒரு புள்ளிக்காக அங்கே மட்டும் தோண்டினால் பள்ளம் ஒன்றும் வெப்பத் தழும்பு ஒன்றும் மிஞ்சும்.

கொட்டாஞ்சேனை பெயின்ட்:

மேலே உள்ளதில் ஒன்றோடு மட்டும் உடன்பாடில்லை. டிஏ மட்டும்தான் என்றில்லை. ஆடாமல் சுற்ற மட்டும் செய்யும் ரோட்டரி மெஷினைக் கம்பளிப் பேடோடு நிமிஷத்துக்கு 1000, 1200 சுற்றில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் பிடித்தால் வெட்டு பாதி நேரத்தில் முடியும். பிழை ரோட்டரியில் இல்லை. 2500இல் வைத்து விளிம்பில் நிறுத்துபவர் கையில். ஆனால் கறுப்பில் ரோட்டரிக்குப் பிறகு டிஏயில் ஃபினிஷ் செய்யாமல் எடுத்தால் வெயிலில் ஹொலோகிராம், நிழல் போல அசையும் மெஷின் தடம், நிச்சயம். கடைக்குள் ட்யூப் லைட்டில் அது தெரியவே தெரியாது. வாகனத்தை எடுக்கும்போது முதலில் ஐஸோப்ரோபைல் அல்கஹோலும் தண்ணீரும் ஒன்றுக்கு நாலு கலந்து துடைக்கச் சொல்லுங்க, பிறகு நேர் வெயிலில் பாருங்க. கொம்பவுண்டின் எண்ணெயும் க்ளேஸும் கீறலை நிரப்பிப் பளபளப்புக் காட்டும், இரண்டு மூன்று கழுவலில் பழையபடி வந்திடும். இந்தத் துடைப்புக்கு ஒத்துக்கொள்ளாத கடையில் காசு கொடுக்க வேணாம்.

ரூஃப் விஷயம். திட்டுக்கு மட்டும் கிளியர் தெளித்துத் தாறேன் என்று யாராவது சொன்னால் வேணாம் தம்பி. பழைய கிளியரும் புதியதும் சேரும் கோடு ஒரு மழைக்காலம் தாங்காது. முழு ரூஃபும் அடிக்க வேணும். 141இல் அது வசதி, இரண்டு பக்கமும் நீளக் கருப்பு மோல்டிங் ஓடுது. அதைக் கழற்றினால் பெயின்ட் முடியும் கோடு அதற்குள் மறைஞ்சிடும். உரிந்த கிளியரை 400, 600 நம்பர் வோட்டர் பேப்பரில், உறுதியான ஓரம் வரும் வரை இறக்க வேணும். கலர் அறுந்து அடி தெரிந்த இடத்துக்கு எபொக்சி ப்ரைமர், மேலே சமப்படுத்தும் சர்ஃபேசர். பிறகு முழு ரூஃபும் 800 நம்பர் பேப்பரில். பேஸ் கோட் (நிறப் பூச்சு) இரண்டு அல்லது மூன்று, 2கே கிளியர் இரண்டு முழு கோட். கிளியருக்கும் ஹார்ட்னருக்கும் விகிதம் அதிகமாக 2க்கு 1, டின்னில் போட்டிருப்பதுதான் முடிவு. மழை நாளில் கம்ப்ரெசரில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இல்லாவிட்டால் கிளியருக்குள் கொப்புளம். கடைக்குப் போனால் முதலில் அந்த ஃபில்டரைப் பாருங்க. ஓவனில் சுடாமல் காற்றில் காய விட்டால் ஒரு மாதம் வரைக்கும் வக்ஸோ கோட்டிங்கோ கூடாது.

பெயின்ட்டை முதலில் முடித்துவிட்டு மற்றப் பாகங்களுக்கு மெஷின் போடுங்க. மாறிச் செய்தால் புதுப் பொலிஷ் மேல் ஓவர்ஸ்ப்ரே, பறந்து வரும் பெயின்ட் தூள், விழும்.

வெள்ளவத்தை141:

தெளிவாக இருக்கு. செரமிக் வேணுமா? 9எச் கடினம், கீறவே கீறாது, ஐந்து வருஷம் என்கிறார்கள்.

தெஹிவளை டிஏ:

9எச் எண்டது பென்சில் கணக்கு. 9எச் பென்சிலால இழுத்தால் கீறல் விழாது, அவ்வளவுதான். மண் பிடிச்ச துணிக்கு அது தாங்காது.

உங்கட இடத்துக்கு நான் செரமிக் சொல்ல மாட்டன். திறந்த பார்க்கிங், கடல் தூவானம், காக்கை. செரமிக் மேல தண்ணி உருண்டை உருண்டையா நிண்டு வெயிலில காயேக்க உப்பெல்லாம் ஒரு புள்ளியில சேர்ந்து அந்த வெள்ளை வட்டத்தைத் திருப்பியும் போடும். எச்சம் அதையும் தின்னும். நல்ல பெயின்ட் சீலன்ட் (வக்ஸ் மாதிரிப் பூசிற பாதுகாப்பு) ஒண்டை மூண்டு மாதத்துக்கு ஒருக்கா அரை மணித்தியாலத்தில பூசலாம். கறை வந்தால் அந்த இடத்தைத் துடைச்சுத் திருப்பிப் பூசலாம். செரமிக்கில கறை விழுந்தால் அந்த இடத்துக் கோட்டிங்கையே பொலிஷ் பண்ணித்தான் எடுக்க வேணும்.

கூரைக்குக் கீழ விடப் போறியள் எண்டால் வேற கதை. அப்ப ஜனவரி, பெப்ரவரி மாதிரி மழை குறைஞ்ச நேரமாப் பார்த்துச் செய்யுங்கோ. ஒக்டோபர், நவம்பரில பின்னேரம் இடியோட வாற மழை நம்ப முடியாத மழை, பூசின நாள் முழுக்க ஒரு சொட்டும் படக்கூடாது. 30 மில்லிலீற்றர் போத்தல் செடானுக்குக் காணும். சின்னச் சின்னச் சதுரமாப் பூசி, வானவில் மாதிரி நிறம் ஓடின உடன துடைக்க வேணும். எங்கட சூட்டுக்கும் ஈரத்துக்கும் போத்தலில போட்டிருக்கிற நேரத்தை நம்பாதேங்கோ, முந்தியே பிடிச்சுப்போகும். துடைக்காமல் விட்ட இடம் கறுப்பில திட்டுத் திட்டாத் தெரியும், காய்ஞ்ச பிறகு பொலிஷ்தான் மருந்து. ஒரு கிழமை ஷாம்பூ வேண்டாம்.

எது பூசினாலும் எச்சம் விழுந்தால் அண்டைக்கே எடுங்கோ. காய்ஞ்சதைச் சுரண்டாதேங்கோ, நனைச்ச டிஷ்யூவைப் பத்து நிமிஷம் மேல போட்டால் தானாத் தூக்கி வரும். கவரைக் கழற்றி எறியுங்கோ.

வத்தளைவாகனர்:

இடையில் ஒரு கேள்வி. கனடாவில் இருந்து வருகிற மச்சான் டிஏ மெஷின் ஒன்று கொண்டுவரலாம் என்கிறார். இங்கே பாவிக்கலாமா?

கிளியர்கோட்:

கனடா மெஷின் 120 வோல்ட். இங்கே 230இல் நேரே சொருகினால் மோட்டர் எரியும். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோர்மர் போட்டால் ஓடும், 900 வாட் மெஷினுக்கு 1500 விஏ (வோல்ட்-அம்பியர்) திறனாவது வேணும். அந்தப் பாரத்தை வேலைக்கு வேலை இழுத்துத் திரிய வேணும். இங்கிலாந்திலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ யாராவது வந்தால் அவர்களிடம் சொல்லுங்கள், அங்கே 230 தான், ப்ளக் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். கனடாக்காரர் வருகிறார் என்றால் பேடும் மைக்ரோஃபைபர் துணியும் கொண்டுவரச் சொல்லுங்கள், அதற்கு வோல்டேஜ் இல்லை.